பீங்கானுக்கு ரெண்டு ஊசி

அந்தப் பிள்ளை துள்ளுமாவு உருண்டையை என் உள்ளங்கையில் வைத்ததும், யோசிக்காமல் வாயில் போட்டுக்கொண்டேன். எனக்கு அப்போது மூன்றாம் மாதம். வீட்டில் தின்ற இட்லி பள்ளிக்கூட வாசல் வருவதற்குள் வெளியே வந்துவிட்டிருந்தது. பச்சரிசி மாவும் வெல்லமும் ஏலக்காயும் சேர்ந்த அந்த உருண்டை மட்டும் சமத்தாக உள்ளே இறங்கியது. இன்னொன்று இருக்கிறதா என்று வாய்விட்டுக் கேட்கவிருந்தேன். அதற்கு முன்னால் நல்லவேளையாக வேறொன்றைக் கேட்டேன்.

"என்னடி வூட்ல விசேஷம்?"

"அம்மா எறங்கிட்டாங்க டீச்சர். நேத்து மூணாந்தண்ணி ஊத்துனாங்க. எங்கம்மா உங்களுக்குக் குடுக்கச் சொல்லிச்சு."

"யாருக்குடி அம்மா வந்துச்சு?"

"எனக்குத்தான்," என்றாள், பரிசு வாங்கியவள் மாதிரி.

அம்மை இறங்கின வீட்டில் அம்மனுக்குப் படைத்துவிட்டு அக்கம்பக்கம் கொடுப்பதுதான் துள்ளுமாவு. எங்கள் ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு இது தெரியாதா? தெரியும். பசியில் புத்தி வேலை செய்யவில்லை. தின்ற பிறகுதான் பயம் வந்தது. மாவில் ஒன்றுமில்லை, பாவம். அதைக் கொண்டு வந்தவள்தான் போன வாரம் மூக்கை ஒழுக்கிக்கொண்டு, உடம்பு கதகதவென்று, மத்தியானம் முழுக்க என் மடியில் படுத்துக் கிடந்தவள். மறுநாளிலிருந்து வரவில்லை. ஏன் வரவில்லை என்று கேட்டதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை, "ஊருக்குப் போயிருக்கா டீச்சர்" என்றது. எங்கள் பக்கம் அம்மா வந்த வீட்டில் நோய் என்று வாயைத் திறக்க மாட்டார்கள். வாசலில் வேப்பிலை தொங்கும், வீட்டில் தாளிப்பு நிற்கும், பள்ளிக்கூடத்துக்கு மட்டும் ஊருக்குப் போன சேதி வரும்.

நான் விருத்தாசலத்தில், செராமிக் என்று நாங்கள் சொல்லும் பீங்கான் தொழிற்பேட்டைப் பக்கத்தில் உள்ள ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. ஒன்றும் இரண்டும் என் வகுப்பு. முதல் வகுப்பில் பிள்ளையைச் சேர்க்க வரும்போது, தடுப்பூசியெல்லாம் போட்டாச்சா என்று கேட்போம். போட்டாச்சு என்பார்கள். சரி என்போம். போடவில்லை என்று சொன்னாலும் சேர்க்காமல் அனுப்பப் போவதில்லை. நர்ஸம்மாவிடம் சொல்லிப் போடச் செய்வோம். அதனால் உண்மையைச் சொல்வதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனாலும் சொல்ல மாட்டார்கள். இந்தப் பிள்ளை கைக்குழந்தையாக இருந்தபோது அப்பனும் ஆத்தாளும் கர்நாடகா பக்கம் செங்கல் சூளையில் இருந்தார்கள். ஊசி போட வேண்டிய மாதமெல்லாம் அங்கே ஓடிப்போயிருக்கிறது.

எங்கள் பெரிய டீச்சர், அதாவது தலைமை ஆசிரியை, நான் சொன்னதைக் கேட்டதும் கையிலிருந்த சாக்பீஸை மேசைமேல் போட்டார். "இன்னும் ஏம்மா இங்க நிக்கற? மாசமா இருக்கறவ. ஆஸ்பத்திரிக்குப் போ. பிள்ளைங்கள நான் பாத்துக்கறேன்."

போகுமுன் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு விசாரித்தேன். புள்ளி எப்படி இருந்தது? சின்னச் சின்னதாக, சிவப்பாக, வேர்க்குரு மாதிரி. தண்ணீர் கோத்துக்கொண்டதா? இல்லை. எத்தனை நாள் இருந்தது? "சட்டுனு போயிடுச்சு டீச்சர். காதுக்குப் பின்னாடிதான் கட்டி மாதிரி வலிச்சுச்சு." ஏழு வயதுகூட ஆகாதது, டாக்டரிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிற்று. அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. என் கோபமெல்லாம் அதைப் பெற்றவள் மேல்.

கவர்ன்மெண்ட் ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டே என் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். கை, கழுத்து, முதுகு எல்லாம் பார்த்தார். என் உடம்பில் ஒன்றும் இல்லை.

"சின்னம்மை மாதிரி தெரியல. நீ சொல்றதப் பாத்தா ருபெல்லாவா இருக்கலாம். வர்ற பிள்ளைக்கு அது ஒரு காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போயிடும். மாசமா இருக்கறவங்களுக்கு வந்தாத்தான் வயித்துப் பிள்ளைக்கு ஆபத்து. அதுவும் இந்த முதல் மூணு மாசத்துல."

"என்ன ஆகும் டாக்டர்?"

அவர் சொல்லத் தயங்கினார். நான் விடவில்லை. கண், காது, இதயம் என்றார். மூன்றே வார்த்தை. வயிற்றில் இருப்பது ஒரு நெல்லிக்காய் அளவுகூட இருக்குமோ என்னவோ, அதற்குள் அதற்குக் கண்ணும் காதும் உருவாகிக்கொண்டிருக்கிறதே என்று அப்போதுதான் உறைத்தது.

"பயப்படாத. நீ படிக்கறப்ப ஸ்கூல்ல தட்டம்மை ருபெல்லா ஊசி போட்டாங்களே, போட்டுக்கிட்ட இல்ல? உன் வயசுக்கு நீ அந்த செட்டுதான். போட்டிருந்தா ஒண்ணும் ஆகாது."

"போடலீங்க டாக்டர்."

"ஏன்?"

"வூட்ல அம்மா வந்திருக்காங்கன்னு சொல்லி எங்கம்மா என்னை ஸ்கூல்லேருந்து கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப உனக்கு அம்மை வந்து போயிருக்குதா? எந்த அம்மை?"

"வரலீங்க. சும்மா சொன்னாங்க."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"இப்பப் போட்டுடுங்க டாக்டர். ரெண்டா வேணாலும் போடுங்க."

"மாசமா இருக்கறப்ப இந்த ஊசி போடக் கூடாதும்மா. ரத்தம் குடுத்துட்டுப் போ. ஏற்கெனவே உடம்புல பாதுகாப்பு இருக்குதா, இல்ல இப்பத்தான் தொத்தியிருக்குதான்னு அதுல தெரியும். வெளியூர் லேபுக்குப் போயி வரணும். வர்றவரைக்கும் மனசப் போட்டு வதைக்காத."

சொல்வதற்கு என்ன, சொல்லிவிட்டார். மனசு கேட்குமா?

அந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் ஒன்பதாம் வகுப்பு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஊசி என்று பிரேயரில் சொன்னார்கள். சொன்ன சாயங்காலமே ஊரில் எல்லார் போனிலும் ஒரு குரல் பேச ஆரம்பித்தது. அந்த ஊசி போட்டால் பெண் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது, ஜனத்தொகையைக் குறைக்க இது ஓர் ஏற்பாடு என்று. யார் குரல், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. எங்கப்பா குட்டியானை வண்டியில் பீங்கான் லோடு அடிப்பவர். அவர் அந்தக் குரலைத் தெருவுக்கே போட்டுக் காட்டினார். வீட்டில் சோறு தின்னும்போதும் போட்டார். "என் பொண்ணு மேல ஊசி பட்டுச்சு, அப்புறம் இருக்குது" என்று யாரையோ மிரட்டினார். எதிரில் நானும் அம்மாவும்தான் இருந்தோம்.

மறுநாள் பள்ளிக்கூட கேட்டில் தாய்மார் கூட்டம். ஊசி வேண்டாம் என்று வாத்தியார்களிடம் நேராகச் சொல்லப் பயம். அரசாங்கத்தை எதிர்த்த மாதிரி ஆகிவிடுமே. அதனால் முதலில் வந்த ஒருத்தி, "வூட்ல அம்மா வந்திருக்காங்க, பிள்ளைக்கு ஊசி படக் கூடாது" என்றாள். எங்கள் பக்கம் அது ஒரு வழக்கம். அம்மா வந்திருக்கும் வீட்டில் யாருக்கும் ஊசி போட மாட்டார்கள். போட்டால் அம்மன் கோபித்துக்கொள்வாள். அதைக் கேட்டதும் பின்னால் நின்றவளுக்கு வழி கிடைத்துவிட்டது. அவள் வீட்டிலும் அம்மா வந்தாள். அதற்கடுத்தவள் வீட்டிலும் வந்தாள்.

நான் படித்த பள்ளியின் ஹெச்.எம். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்று கேட்டார். "ஏம்மா, ராத்திரிக்கு ராத்திரி இத்தன வூட்டுக்கும் அம்மா வந்தாங்களா? கோயில்ல யாராச்சும் இருக்காங்களா, இல்ல பூட்டிக்கிட்டு வந்துட்டாங்களா?"

எங்கம்மா சிரிக்கவே இல்லை. முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "எங்க மாமியாருக்குங்க. முகமெல்லாம் முத்து" என்றாள். எங்க பாட்டி செத்து அப்போதே வருஷங்கள் ஆகியிருந்தன. நான் பையைத் தூக்கிக்கொண்டு குதித்துக் குதித்து வெளியே வந்தேன். லீவு கிடைத்தால் கசக்குமா?

இதுதான் எனக்குத் தெரிந்த கதை. எங்கப்பாவும் ஊருக்கே சொன்ன கதை. நான் மாசமாக இருக்கிறேன் என்று தெரிந்த அன்றைக்கு டீக்கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, "அன்னைக்கு அந்த ஊசியப் போட உட்டிருந்தா இன்னைக்கு இந்தச் சேதி ஏது?" என்றாராம். என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அவர் கம்மாபுரம் பக்கத்து ஆள், டூவீலர் ஒர்க்‌ஷாப்பில் வேலை, மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார். சிரித்துக்கொண்டே டீயைக் குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

ரத்தம் கொடுத்துவிட்டு நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராக எங்கம்மா வேலை செய்யும் பட்டறைக்குப் போனேன். பியூஸ் கட்டைகள் செய்கிற இடம். அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் கட்டைகளை வரிசையாக வைத்துக்கொண்டு, பிசிறு சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைத்துப் பலகையில் அடுக்குவார்கள். பெண்கள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். எங்கம்மா முடியெல்லாம் வெள்ளைத் தூசியோடு, என்னைப் பார்த்ததும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள்.

"இன்னா பாப்பா இந்த நேரத்துல? வாந்தி நின்னுச்சா?"

"சந்தோஷமா இரு. உன் பேத்தியோ பேரனோ, கண்ணு தெரியாம, காது கேக்காம பொறக்கப் போவுது. நல்லா அடுக்கி வை உன் கட்டைய."

இப்படித்தான் சொன்னேன். நாக்கில் சனி. சுற்றி இருந்தவர்கள் கையெல்லாம் நின்றுபோயிற்று. ஒருத்தி, "அடிப் பாவி, வவுத்துல வச்சிக்கிட்டு என்ன பேச்சு பேசற" என்று என்னைத் திட்டினாள். நான் அவளையும் விடவில்லை. துள்ளுமாவு, டாக்டர், கண், காது, இதயம் என்று எல்லாவற்றையும் கத்திக் கொட்டினேன். "பிள்ளையே பொறக்காதுன்னு பயந்து ஊசிய வேணாம்னீங்க இல்ல? இப்பப் பிள்ளை வந்திருக்குது. அதக் காப்பாத்த ஊசி இல்ல. இன்னா பண்ணப் போற?"

எங்கம்மா கையைத் தண்ணீரில் அலசிவிட்டு எழுந்து, என் முழங்கையைப் பிடித்து, சூளைக்குப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே உடைந்த பீங்கான் மலையாகக் கொட்டிக் கிடக்கும். யாரும் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"போட்டாச்சுடி."

"எது?"

"அந்த ஊசிதான். அன்னைக்கே போட்டாச்சு."

"எம்மா, என்கிட்டயே கத கட்டாத."

"சாமி சத்தியமா. அன்னைக்கு லீவு கெடைச்சுச்சுன்னு குதிச்சிக்கிட்டு வந்த இல்ல? செருப்பக் கழட்டி எறிஞ்சிட்டு ஓடின. இதோ இந்த மாதிரி மேட்டுல கால வச்ச. பொளந்துச்சு. ரத்தம் கொடகொடன்னு ஊத்துது. எனக்கு அங்கயே ஒடம்பு ஆடிப்போச்சு. பொய் சொல்லி வூட்டு வாசப்படிகூட மிதிக்கல. வராத அம்மாவ வந்துட்டாங்கன்னு சொன்னனே, சும்மா உடுவாங்களா? இதோ காட்டிட்டாங்க பாரு, இன்னும் என்னென்ன பண்ணுவாங்களோன்னு..."

கால் கிழிந்தது ஞாபகம் இருக்கிறது. ஆஸ்பத்திரியும் ஞாபகம் இருக்கிறது. நர்ஸம்மா ஒரு கையில் குத்தினார்கள். நான் அலறி முடிப்பதற்குள் இன்னொரு கையிலும் குத்தினார்கள். ஏன் ரெண்டு என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"நீ என்ன சொன்ன அப்ப?" என்றேன் அம்மாவிடம்.

"பீங்கான் குத்தினா ரெண்டு ஊசின்னு சொன்னன்."

இத்தனை வருஷமும் நான் அதை நம்பிக்கொண்டிருந்தேன். ஆணி குத்தினால் ஒன்று, பீங்கான் குத்தினால் இரண்டு. படித்தேன், ஆசிரியர் பயிற்சி முடித்தேன், ஒருநாளும் சந்தேகம் வரவில்லை. போதாக்குறைக்கு, செருப்பில்லாமல் ஓடுகிற என் வகுப்புப் பிள்ளைகளை, "பீங்கான் குத்துச்சுன்னா ரெண்டு ஊசி தெரியுமில்ல?" என்று மிரட்டியும் வந்திருக்கிறேன். பெரிய டீச்சர் அப்போதெல்லாம் என்னை ஒரு மாதிரி பார்ப்பார். மிரட்டுவதற்குச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார், பாவம்.

"டி.டி. ஊசி போடறப்பவே அந்த நர்ஸம்மா கால்ல உழாத கொறையா கேட்டன். ஸ்கூல்ல போடற ஊசி இங்க இருக்குதாங்க, என் பொண்ணுக்குப் போட்டுடுங்க, அம்மன் பேரச் சொல்லி ஏமாத்திட்டன், இதுக்குமேல ஏமாத்த மாட்டன்னு. அவங்க சிரிச்சிட்டாங்க. விட்டுப்போன பிள்ளைங்களுக்குப் போடத்தான் வச்சிருக்கோம்னு சொல்லிப் போட்டாங்க. பொண்ணுகிட்டச் சொல்லாதீங்கன்னு கையக் கும்பிட்டன்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உனக்கு ஓட்ட வாயி. அப்பா மடியில போயி உக்காந்தா எல்லாத்தையும் கக்கிடுவ. அந்த ஆளு என்னை உட்டு வச்சிருப்பாரா?"

கதை நன்றாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பயமே. செத்துப்போன மாமியார் முகத்தில் முத்து வரவழைத்தவள் இவள். வயிற்றுப் பிள்ளைக்காரி அழுகிறாளே என்று, சூளைக்குப் பின்னால் நடந்து வருவதற்குள் ஒரு நர்ஸம்மாவையும் ஓர் ஊசியையும் உண்டாக்க இவளால் முடியாதா? இந்த ஊரில் பீங்கான் குத்தாத கால் எது? எனக்கு எத்தனையோ முறை குத்தியிருக்கிறது. அந்த இரண்டாவது ஊசி அன்றைக்குத்தானா, வேறு எப்போதோவா, எனக்கே நிச்சயமில்லை. "பொய்யின்னா இப்பவே சொல்லிடும்மா, நான் தாங்கிக்கறேன்" என்று கேட்டேன். "உன் வவுத்துல இருக்கறது மேல சத்தியம்" என்று கையை நீட்டினாள். நான் வயிற்றை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்தேன். அவள் முகம் சுருங்கிப்போயிற்று.

அம்மா சொன்னதை டாக்டரிடமும் போய்ச் சொன்னேன், இதுவும் பொய்யாகத்தான் இருக்கும் என்று. ரிசல்ட் வருகிறவரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். காலையில் எழுந்ததும் கண்ணாடி முன் நின்று கழுத்தைப் பார்ப்பேன். வேர்க்குரு தெரிந்தால் போதும், கை கால் ஓடாது. காதுக்குப் பின்னால் அழுத்தி அழுத்தி, கடைசியில் அழுத்தியதாலேயே வலித்தது. என் வீட்டுக்காரர் ஒர்க்‌ஷாப்பிலிருந்து அடிக்கடி போன் செய்து, "ஒண்ணும் இல்ல இல்ல?" என்பார். "இல்ல" என்பேன். வேறு பேச்சே கிடையாது. எங்கம்மா தினமும் வேலை முடித்து வந்து, சமைத்து வைத்துவிட்டு, ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள், "கொளஞ்சியப்பருக்கு ஒரு பிராது கட்டிட்டு வரலாமாடி?" என்றாள். எங்கள் ஊரில் யார் மேலாவது குறை இருந்தால் முருகன் சந்நிதியில் புகார் எழுதிக் கட்டுவார்கள்.

"யார் மேல கட்டறது? உன் மேலயா, அப்பா மேலயா?"

"என் மேலயே கட்டு. ஆனா நான் போட்டது போட்டதுதான்."

அப்பாவிடம் நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. லோடு ஏற்றிக்கொண்டு அவர் திருச்சி பக்கம் போயிருந்தார்.

ரிசல்ட் வந்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது நான் வகுப்பில் இருந்தேன். பெரிய டீச்சர் தன் ஸ்கூட்டியிலேயே என்னை ஏற்றிக்கொண்டு போனார். டாக்டர் அறைக்கு வெளியே என்னால் உட்கார முடியவில்லை. என்னை உள்ளே கூப்பிட்டபோது டாக்டர் முகத்தைப் பார்த்தேன். சிரித்தார்.

"உங்கம்மா பொய் சொல்லிட்டாங்கன்னு சொன்னியே, யாரு சொன்னது பொய்யி? உன் உடம்புல பழைய பாதுகாப்பு நல்லாவே இருக்குது. இப்ப எதுவும் புதுசா தொத்தல. போ, நல்லா சாப்பிடு."

"ஊசி போட்டதாலயா டாக்டர்?"

"ஊசியோ, சின்ன வயசுல தெரியாம வந்து போனதோ, ரத்தத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. எனக்கென்னமோ உங்கம்மாவ நம்பலாம்னு தோணுது. எதுக்கும் கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு தடவ பாத்துடுவோம்."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி என்று சொல்வார்களே, அதை அன்றைக்குத்தான் உடம்பால் தெரிந்துகொண்டேன். வராண்டாவில் நின்று ஓவென்று அழுதேன். கட்டுப் போட்டுக்கொள்ள வந்த ஒரு பெரியவர், "இன்னாம்மா, யாருக்கு என்னாச்சு?" என்று கேட்டார். "ஒண்ணும் ஆவலீங்க, ஒண்ணுமே ஆவல" என்று அழுதேன். பெரிய டீச்சர், "அழுது முடிச்சிட்டியா? முடிச்சிட்டா சொல்லு, பசிக்குது" என்றார். எதிர்க் கடையில் பரோட்டா தின்றோம். அது வெளியே வரவில்லை.

எங்கம்மாவுக்குப் போன் போட்டேன். மிஷின் சத்தத்தில் முதலில் அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்ததும், "நான்தான் சொன்னனே" என்றாள். அவ்வளவுதான். ஆனால் போனைக் கட் பண்ணத் தெரியாமல் அப்படியே கீழே வைத்துவிட்டாள். அவள் விசும்புவதும், பக்கத்தில் யாரோ, "ஏங்க்கா, இன்னா ஆச்சு?" என்று பதறுவதும் எனக்குக் கேட்டுக்கொண்டே இருந்தன. நான் வைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிள்ளையின் தாயை மறுநாள் வரச் சொன்னேன். திட்டுவதற்காக நான் முன்பு சேர்த்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. அவளுக்கு விஷயம் எப்படியோ தெரிந்து, கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டிருந்தாள். இடுப்பில் இன்னொரு குழந்தை. "எனக்கு ஒண்ணும் இல்ல, உள்ள வாங்க" என்றேன். "இந்தப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்டாச்சா?" என்று கேட்டதற்கு, பழக்க தோஷத்தில், "போட்டாச்சுங்க டீச்சர்" என்றாள். நான் அவளையே பார்த்தேன். "இல்லீங்க" என்றாள். பெரிய டீச்சர் அவளையும் ஸ்கூட்டியில் ஏற்றினார்.

இரண்டாம் முறை எடுத்த ரத்தத்திலும் குறையில்லை. ஸ்கேன் எல்லாம் நன்றாக இருந்தது. ஆனாலும், எத்தனை முறை நல்லபடியாகச் சொன்னாலும் கண், காது, இதயம் என்ற அந்த மூன்று வார்த்தை உள்ளே எங்கோ ஒரு மூலையில் கிடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

பெண் குழந்தை பிறந்தது. கண் திறந்தாள், வெளிச்சத்துக்குச் சுருக்கினாள். ஒரு வார்த்தை போயிற்று. டாக்டர் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக் கேட்டுவிட்டுத் தலையாட்டினார், இன்னொன்று போயிற்று. காதுதான் பாக்கி. பிறந்த மறுநாள் வார்டில் ஒரே இரைச்சல். தட்டு உருண்டது, பக்கத்துப் படுக்கைக்காரியின் சொந்தக்காரர்கள் சண்டை போட்டார்கள். என் பெண் அசையாமல் தூங்கினாள். பிறந்த பிள்ளை அப்படித்தான் தூங்கும் என்று நர்ஸ் சொன்னார். காதைப் பார்க்கிற டெஸ்ட் இருக்கிறது, வீட்டுக்கு விடுமுன் பார்ப்போம் என்றார். நான் யாருக்கும் தெரியாமல் போர்வைக்குள் கை விட்டு அவள் காதருகே விரலைச் சொடுக்கினேன். அசையவில்லை. இன்னொரு முறை சொடுக்கினேன்.

அப்போதுதான் எங்கப்பா வந்தார். கையில் சாத்துக்குடிப் பை. பேத்தியைப் பார்த்ததும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பேச்சு எங்கே போய் நிற்கும் என்று எனக்குத் தெரியும். அங்கேதான் போய் நின்றது.

"எம்பொண்ணுக்கு மட்டும் அன்னைக்கு ஸ்கூல்ல அந்த ஊசியப் போட்டிருந்தாங்கன்னு வச்சிக்கங்க, இந்தத் தங்கத்த நான் கையில தூக்கியிருப்பனா? யாரு தடுத்தது? நான் தடுத்தன்."

எங்கம்மா தொட்டிலுக்கு இந்தப் பக்கம் நின்று துணி மடித்துக்கொண்டிருந்தாள். இத்தனை வருஷத்தில் அவரை ஏங்க, என்னங்க என்பதற்கு மேல் அவள் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கையிலிருந்த துணியைக் கட்டிலில் அடித்தாள்.

"யோவ்! போட்டன்யா ஊசி! நான்தான்யா கூட்டிக்கிட்டுப் போயிப் போட்டன்! போட்டதாலதான்யா இது முழுசா வந்திருக்குது!"

வார்டே திரும்பிப் பார்த்தது. எங்கப்பா வாயைத் திறந்தபடி நின்றார். தொட்டிலில் இரண்டு குட்டிக் கைகளும் படக்கென்று விரிந்து மேலே போயின. என் பெண் முகம் சிவக்க, வீல் என்று கத்தினாள்.

"ஐயோ, பிள்ளை பயந்துடுச்சு" என்று எங்கம்மா பதறிக்கொண்டு அவளைத் தூக்கப் போனாள். நான் அவள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கொஞ்சம் இரும்மா," என்றேன். "அவளுக்குக் காது கேக்குது."